கிளட்சுக்கு வாங்கிய கால் லிட்டர் டாட் 4 புட்டி

என்னுடைய சிறிய காரில் ரிவர்ஸ் கியர் கரகரவென்று சத்தமிட்டு விழத் தொடங்கியபோது பானெட்டைத் திறந்து பார்த்தேன்; கிளட்சுக்கென்று தனியாக இருக்கும் சிறு டப்பாவில் திரவ மட்டம் கீழ்க்கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தது. மூடியின் மேல் டாட் 4 என்று அச்சிடப்பட்டிருந்ததால், அந்த வகை பிரேக் ஆயிலில் கால் லிட்டர் புட்டி ஒன்றை வாங்கினேன்.

இந்தப் புட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் சிறிய அளவுதான். டாட் 4 போன்ற கிளைக்கால் வகைத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்றால், 3.7 சதவீதம் நீர் கலந்தபின் அந்த வரம்பு 155 டிகிரியாகச் சரிந்துவிடுகிறது. மட்டத்தைச் சரிசெய்யச் சில தேக்கரண்டி அளவே போதும் என்பதால், ஒரு லிட்டர் வாங்கித் திறந்து வைப்பது வீண். மூடிக்கடியில் இருந்த உலோகத்தாள் முத்திரை உறுதியாக ஒட்டியிருந்தது. திரவமும் வெளிர்மஞ்சளாகத் தெளிவாக இருந்தது.

குறை புட்டியின் வாயில் இருக்கிறது. கடைசிச் சொட்டு வெளிப்புறமாக வழிகிறது. இத்திரவம் வண்ணப்பூச்சை அரித்துவிடும் என்பதால், டப்பாவைச் சுற்றித் துணி விரித்துவிட்டு, சிந்திய இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினேன். சிறு புனலும் தேவைப்பட்டது.

இதைவிடப் பெரிய குறையாக நான் கருதுவது, மட்டம் ஏன் குறைந்தது என்று பார்க்கும்படி லேபிளில் ஒரு வரிகூட இல்லாததுதான். பிரேக் பேட் தேயும்போது பிரேக் டப்பாவில் மட்டம் இறங்குவது இயல்பு. கிளட்ச் தட்டு தேயும்போதோ, திரவ அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டுத் திரவம் மேலே திரும்புவதால், தனி டப்பாவில் மட்டம் சற்று ஏறவே செய்யும். ஆகவே அங்கே மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்றே கொள்ள வேண்டும். இரண்டுக்கும் ஒரே டப்பா இருக்கும் கார்களில் இந்த வேறுபாடு எளிதில் புலப்படாது. அங்கே பெடலுக்கு மேலேயும் கியர்பாக்ஸின் பக்கத்திலும் ஈரம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

என் காரில் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை நனைந்திருந்தது. மேல்கோடு வரை ஊற்றிய பிறகும் பெடல் பஞ்சுபோலவே அமுங்கியது, ஏனெனில் குழாய்க்குள் புகுந்த காற்று திரவம் சேர்ப்பதால் மட்டும் வெளியேறாது. சீல் மாற்றிக் காற்றெடுத்த பின்னரே கியர் சத்தமின்றி விழுந்தது. காற்றெடுக்கும் வேலைக்கும் இதே புட்டியில் எஞ்சியிருந்த திரவம் போதுமானதாக இருந்தது. அடியில் மிஞ்சிய சிறிதளவை நான் பத்திரப்படுத்தாமல், கழிவு எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் தனியாக ஒப்படைத்துவிட்டேன்.