சேற்றுக்குக் குபோட்டாவா, பாரத்துக்கு மெஸியா? வன்னியில் மெசின் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வன்னியில் மெசின் என்றால் உழவு இயந்திரம், அதில் குபோட்டாவா மெஸியா என்பதுதான் கேள்வி. கடதாசியில் பார்த்தால் இரண்டும் ஒரே தரம். குபோட்டா எல்4508 இல் 45 குதிரைவலு, மெஸி பெர்குசன் 240 இல் அதைவிடக் கொஞ்சம் கூட. மாரிமழை நெற்செய்கைக் காலமான காலபோகத்தில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே அடுத்தடுத்த வயல்களில் இரண்டையும் இறக்கிப் பாருங்கள்: குபோட்டா மூலைக்கு மூலை திரும்பி உழுதுகொண்டிருக்கும், மெஸி எங்கே தாழப் போகிறது என்று சாரதி சில்லையே பார்த்துக்கொண்டிருப்பார். அதே மெசின்களுக்குப் பின்னால் மணல் ஏற்றிய இழுவைப் பெட்டியைக் கொழுவி மாங்குளம் முல்லைத்தீவு வீதியில் விட்டால் நிலைமை நேர்மாறு. அப்போது மெஸிக்காரர் ஒரு கையால் வெற்றிலை மெல்லுவார், குபோட்டாக்காரருக்குத்தான் வியர்க்கும்.

ஆகவே குதிரைவலுவைக் கேட்டு மெசின் எடுப்பதில் பயனில்லை. எடையையும், அந்த எடை எந்தச் சில்லில் விழுகிறது என்பதையும், உங்கள் வருமானம் வயலிலிருந்து வருகிறதா வீதியிலிருந்து வருகிறதா என்பதையும் கேளுங்கள். இரண்டு ஏக்கருக்குள் சொந்தக் கமம் மட்டும் என்றால் இந்த இரண்டுமே தேவையில்லை, இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரமான லான்ட்மாஸ்டர் போதும்.

எஞ்சினில் உள்ள வித்தியாசம்

மெஸி 240 இலும், வன்னியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய 135 இலும் இருப்பது ஒரே குடும்பத்து பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர், 2.5 லீற்றர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 127 மில்லிமீற்றர். குபோட்டாவில் நான்கு சிலிண்டர், 2.2 லீற்றர், தூரம் 92.4 மில்லிமீற்றர். நீளமாக இறங்கி ஏறும் மெஸி எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். பாரம் ஏறும்போது சத்தம் தணியும், சுற்று இறங்கும், ஆனால் நிற்காது. குபோட்டா தன் முழு வலுவையும் நிமிடத்துக்கு 2600 சுற்றை ஒட்டித்தான் தரும்.

மெஸியில் பழகியவர் குபோட்டாவில் ஏறி 1500 சுற்றில் வைத்துக்கொண்டு "இது இழுக்காது" என்று சொல்வது இதனால்தான். இழுக்கும். அக்சிலேற்றர் நெம்பை 2000க்கு மேல் வைத்துக்கொண்டு, பாரம் வருமுன்னமே ஒரு கியர் இறக்க வேண்டும். குறைந்த சுற்றில் நெரித்து ஓட்டினால் கறுப்புப் புகைதான் மிச்சம். மறுபக்கம், குபோட்டா பழகிய இளைஞர் மெஸியை எப்போதும் உச்சச் சுற்றில் வைத்திருப்பார். அது வீண் டீசல். இந்த வலுவுள்ள மெசின் நடுத்தர வேலையில் மணித்தியாலத்துக்கு 5 முதல் 6 லீற்றர் குடிக்கும், அதைவிடக் கூடினால் பெரும்பாலும் ஓட்டும் முறையில்தான் பிழை.

சேற்றில் ஏன் எடை எதிரி

மெஸி 240 ஏறத்தாழ 1,800 கிலோ. இரண்டு சில்லு இழுவை என்பதால் பின்சில்லுகளில் விழும் 1,100 கிலோ சொச்சம்தான் வேலை செய்யும், மிச்சம் முன்சில்லை மண்ணுக்குள் அமத்தும். குபோட்டா 1,400 கிலோவுக்குள், நான்கு சில்லும் இழுப்பதால் அவ்வளவு எடையும் வேலைக்கு வரும். உடம்பில் 400 கிலோ குறைந்த மெசின் ஈரநிலத்தில் சமமாகவோ கூடவோ இழுப்பதன் கணக்கு இவ்வளவுதான்.

இன்னொரு விசயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. சேற்றுழவில் றோட்டவேற்றர் பூட்டியிருந்தால் மெசின் அதை இழுப்பதில்லை. அலகுகள் முன்னோக்கிச் சுழன்று மண்ணை வெட்டும்போது மெசினை அவையே முன்னுக்குத் தள்ளும். இழுவையே பெரிதாகத் தேவைப்படாத வேலையில் கனத்த உடம்பு வெறும் சுமை. அங்கே வேண்டியது தாழாமல் மிதப்பதும் சின்ன இடத்தில் திரும்புவதும்தான். கால் ஏக்கர், அரை ஏக்கராக வரம்பு கட்டிய வயல்களில், திரும்புகிற நேரம் உழுகிற நேரத்தைத் தின்றுவிடும். ஐந்தடி றோட்டவேற்றரோடு மணிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் போனால், திரும்பும் நேரத்தையும் சேர்த்து ஒரு ஏக்கருக்கு ஒரு தடவை அடிக்க ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். சின்ன வயல்களில் மெஸிக்கு இது இன்னும் நீளும். மூலைகளில் பின்னுக்கு எடுத்து எடுத்துத் திருப்ப வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சில்லு குழி தோண்டும்.

அந்தக் குழிதான் பின்னாளில் பெரிய தொந்தரவு. நெல் வயலில் ஆறு அங்குலத்துக்குக் கீழே இறுகிய ஒரு தட்டு இருக்கும். தண்ணீரைப் பிடித்து வைப்பதும் மெசினைத் தாங்குவதும் அதுதான். கனத்த மெசின் வழுக்கிச் சுற்றிச் சுற்றி அதை உடைத்துவிட்டால், அந்த இடம் வருடா வருடம் தாழும் பள்ளமாகிவிடும், தண்ணீரும் நிற்காது. நெல் வெட்டு மெசின் வந்து புதைவதும் அதே இடத்தில்தான்.

மெஸியைச் சேற்றில் இறக்கவே கூடாது என்றில்லை. இரும்புச் சில்லை ரயருக்கு வெளிப்பக்கம் பூட்டுங்கள், பின்ரயருக்குள் தண்ணீர் விட்டிருந்தால் இறக்குங்கள் (12.4-28 ரயர் ஒன்றில் முக்கால்வாசி நிரப்பினால் 150 லீற்றர், அதாவது 150 கிலோ), முன்பாரக் கட்டிகளைக் கழற்றுங்கள். இரும்புச் சில்லோடு தார் வீதியில் ஏறாதீர்கள், வீதியும் கெடும் மெசினும் கெடும்.

தாழ்ந்துவிட்டால் கிளச்சை விட்டு விட்டு உறுமுவதை உடனே நிறுத்த வேண்டும். கலப்பையைத் தூக்கி, வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். வராவிட்டால் கழற்றிவிட்டு இன்னொரு மெசினால் தாழ்வான கொக்கியில் இழுப்பதுதான் வழி. பின்சில்லு இரண்டிலும் மரக்குற்றியைச் சங்கிலியால் கட்டி ஏற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. சில்லு சுற்ற முடியாமல் குற்றி பிடித்தால், சில்லுக்குப் பதில் மெசின் உடம்பே அச்சைச் சுற்றிப் பின்னுக்குப் புரளும். கிளச் மிதிக்க நேரம் கிடைக்காது. கலப்பை கொழுவும் இடத்தில் மேலே உள்ள மூன்றாம் புள்ளிக் கம்பியில் கயிறு கட்டி இழுத்தாலும் இதே கதிதான்.

காய்ந்த நிலம் வேறு கதை

வன்னி முழுவதும் ஒரே மண் இல்லை. குளத்துக்குக் கீழ் வயல்களில் சொன்னது மானாவாரிக்குப் பொருந்தாது. ஆவணி, புரட்டாதியில் மழைக்கு முன் புழுதி விதைப்புக்கு உழும்போது செம்மண் காய்ந்து கல்லுப்போலக் கிடக்கும். இங்கே றோட்டவேற்றர் போட்டால் அலகு தேயும், நிலம் மாவாகும், முதல் மழையில் மேல்தோல் இறுகி முளை வெளியே வராது. ஒன்பது கொத்துக் கலப்பையோ சட்டிக் கலப்பையோ போட்டுக் கட்டியாக உடைப்பதே சரி, அது சுத்த இழுவை வேலை. கலப்பை இழுக்கும்போது முன்பாரத்தில் ஒரு பங்கு பின்சில்லுக்கு மாறுவதால், கணக்கில் தெரிவதைவிட மெஸி நன்றாகவே இழுக்கும். ஹரி பெர்குசன் கொண்டுவந்த ஹைட்ரோலிக் முறையே இதற்காகத்தான்: கலப்பை இறுகின இடத்தில் முட்டினால் தானாகச் சற்றுத் தூக்கி, அந்தப் பாரத்தைப் பின்சில்லுக்குக் கொடுக்கும். மெஸியில் இருக்கையின் பக்கத்தில் உள்ள இரண்டு நெம்புகளில் ஒன்று உயரத்துக்கு, மற்றது இந்த இழுவைக் கட்டுப்பாட்டுக்கு. பல சாரதிமார் இரண்டாவதைத் தொடுவதே இல்லை. றோட்டவேற்றருக்கு உயர நெம்பு, சட்டிக் கலப்பைக்கு இழுவை நெம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் இரண்டுக்கும் சோதனை. காய்ந்தால் கால் போகிற அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் ரயர்ப் பல்லுக்குள் அப்பிக்கொண்டு விடாது. பல்லுக்குள் மண் நிறைந்த ரயர் மொட்டை ரயர்தான். அங்கே மண் அரை ஈரத்தில் இருக்கிற சில நாட்களுக்குள் உழுது முடிப்பவரே கெட்டிக்காரர், அந்த நாட்களில் விரைவாக முடிக்கும் நாலு சில்லு இழுவைக்குத்தான் என் வாக்கு.

நீண்ட காலம் தரிசாகக் கிடந்து இப்போது துப்புரவாக்கும் காணி என்றால் வேர்களும் அடிக்கட்டைகளும் இருக்கும். சட்டிக் கலப்பை வேரின்மேல் உருண்டு போகும், கொத்துக் கலப்பை மாட்டிக்கொள்ளும். எந்த மெசினானாலும், கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணி என்பதை உறுதிசெய்யாமல் இறக்க வேண்டாம். ஆழ உழவில் இது விளையாட்டில்லை.

பெட்டி ஓட்டம்

ஒரு கியூப் மணல் 100 கன அடி, எடை நாலரைத் தொன்னை ஒட்டி வரும். நெல் 50 மூட்டை ஏற்றினாலும் மூன்று தொன்னைத் தாண்டும். பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனிப் பிறேக் கிடையாது. 1,400 கிலோ மெசின் நாலரைத் தொன்னை இழுத்துவிடும், நிறுத்துவதுதான் பாடு. குளக்கட்டிலிருந்து இறங்கும்போதோ பாலத்துக்கு முன்னாலோ பிறேக் பிடித்தால் பெட்டி மெசினைப் பின்னாலிருந்து தள்ளி மடக்கும். ஆற்றங்கரையில் ஏறும்போது முன்சில்லு தூக்கும். மெஸியின் எடையும் தாழ்ந்த சுற்று இழுவையும் இங்கேதான் காசு உழைக்கும். மணல், கல், விறகு, நெல் என்று வருடம் முழுக்கப் பெட்டி ஓட்டமே பிழைப்பு என்றால் குபோட்டா வாங்காதீர்கள். வாங்கியாயிற்று என்றால் அரைக் கியூபோடு நில்லுங்கள், இறக்கத்தில் நியூற்றலில் விடாதீர்கள்.

வீதியில் ஏறுமுன் இடது வலது பிறேக் மிதிகள் இரண்டையும் கொளுக்கியால் ஒன்றாகப் பூட்ட வேண்டும். வயலில் ஒரு பக்கச் சில்லை மட்டும் பிடித்துத் திரும்புவதற்காகத்தான் அவை தனித்தனியாக இருக்கின்றன. பூட்ட மறந்து வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் மெசின் சரிந்துவிடும். பெட்டிக்குப் பின்விளக்கு இல்லாமல் ஏ9 இல் இரவோட்டம் போகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல, பின்னால் மோட்டர் சைக்கிளில் வருகிறவருக்கு இருட்டோடு இருட்டாகத்தான் அது தெரியும்.

எது எங்கே பழுதாகும்

குபோட்டாவின் பலவீனம் முன்னச்சு. இழுவை முன்சில்லுக்குப் போகிற பற்சக்கரப் பெட்டிகள் சேற்றுக்குள்ளேயே கிடக்கின்றன. வைக்கோல் சுற்றி ஒயில் சீல் கிழிந்தால் தண்ணீர் உள்ளே போகும், ஒயில் பால்போல வெளுக்கும், அடுத்த போகத்துக்குள் பற்சக்கரம் போய்விடும். சேற்றுழவு முடிந்ததும் சுற்றிய வைக்கோலை வெட்டி எடுத்து, ஒயிலைப் பாருங்கள். தார் வீதியில் நாலு சில்லு இழுவையைக் கட்டாயம் விடுவியுங்கள். முன்சில்லு பின்சில்லைவிடச் சற்று வேகமாகச் சுற்றும்படி அமைத்திருப்பதால், வழுக்க இடமில்லாத வீதியில் ரயர் தேய்ந்து அச்சு முறுகும். இதே காரணத்தால் முன்ரயரை வேறு அளவில் மாற்றக் கூடாது. நெல் வெட்டிச் சூடடிக்கும் காலத்தில் றேடியேற்றர் வலையில் பதர் அடைக்கும், ஒரு நாளில் இரண்டு தடவையாவது தட்டிவிடுங்கள்.

மெஸியில் கவனிக்க வேண்டியது பின்பெட்டி. ஹைட்ரோலிக் பம்ப் அங்கே உள்ள கியர் ஒயிலுக்குள்ளேயே இருக்கிறது. ஆழச் சேற்றில் நின்று தண்ணீர் இறங்கினால் கியரும் பம்பும் ஒன்றாகக் கெடும். பழைய 135 களில் உலர் பிறேக், அச்சுச் சீல் கசிந்து ஒயில் பட்டுவிட்டால் பிறேக் பிடிக்கவே பிடிக்காது. ஒயில் குளியல் காற்று வடிகட்டியை, புழுதி உழவு நாட்களில் தினமும் கழுவி ஒயில் மாற்ற வேண்டும். உதிரிப்பாகத்தில் மெஸிக்கு அடிக்க ஆளில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கடைக்குக் கடை கிடைக்கும், ஊர்க் கராச்சில் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார்கள். போலிப் பாகமும் அதே அளவுக்குக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குபோட்டாப் பாகம் விலை கூட, சில வேளை காத்திருக்க வேண்டும், போக நடுவில் அந்தக் காத்திருப்புக்கும் விலை உண்டு.

பழையதாக எடுக்கிறீர்கள் என்றால்

முன்னறிவித்தல் இல்லாமல் விடியப் போங்கள், எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னமே ஸ்ரார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். குளிர் எஞ்சின் எழும்பும் விதம், எஞ்சின் உள்காற்றை வெளியே விடும் பிறீதர் குழாயில் வரும் புகை, இரண்டும் உண்மை சொல்லும்.

மெஸி என்றால் கலப்பையைக் கொழுவித் தூக்கிவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். சில நிமிடத்தில் தரையில் இறங்கிவிட்டால் உள்ளே கசிவு. ஓடும்போதே கலப்பையைத் தூக்கும் கை விட்டு விட்டு ஆடினாலும் அதே வருத்தம்தான். குபோட்டா என்றால் நாலு சில்லு இழுவையைப் போட்டு மணல் தரையில் முழுவதாகத் திருப்பி முன்னச்சில் டக் டக் என்ற சத்தம் கேட்கிறதா பாருங்கள், முன்பக்கத்தை ஜக்கில் தூக்கிச் சில்லை மேலும் கீழும் ஆட்டுங்கள். கடைசியாக, உரிமையாளரைக் கேட்டு முன்னச்சின் அடித் திருகாணியை ஒரு சுற்று தளர்த்துங்கள். முதல் சொட்டு ஒயிலாக வராமல் தண்ணீராக வந்தால், விலையில் எவ்வளவு குறைத்தாலும் அந்த மெசினை விட்டுவிட்டு வாருங்கள்.