கேட்காமலே போகும் முதல் ஐந்து நிமிடங்கள்: போஸ்ட்-ராக்குடன் சில ஆண்டுகள்

கோலாலம்பூரின் செந்தூலில் உறுமி மேளக் குழு ஒன்றில் வாசிக்கும் நண்பர், பாடகரே இல்லாத இந்தக் கிட்டார் குழுக்களை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று சென்ற வாரம் விசாரித்தார். நம் ஊர்ப் புழுக்கத்தில் தோலுரிந்துபோன ஹெட்போன் காது மெத்தைகளை லோ யாட் பிளாசாவில் மாற்றிக்கொண்டு வந்திருந்த சமயம் அது. பழைய ஆல்பங்களை மறுபடியும் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்ல உட்கார்ந்தால் பாராட்டைவிடப் புகார்தான் முந்திக்கொண்டு வருகிறது.

ராக் இசையின் கருவிகளைக் கொண்டே ராக் இசைக்குப் புறம்பானவற்றைச் செய்யும் குழுக்களைக் குறிக்க, விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் 1994இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் போஸ்ட்-ராக். இதுபோன்ற வரலாறும் பட்டியல்களும் தேடினால் எளிதில் கிடைத்துவிடும். கோலாலம்பூரில் வீட்டை விட்டு வெளியே வந்தால் இந்த இசையைக் கேட்கவே முடியாது என்பதை மட்டும் எந்தப் பட்டியலும் எனக்குச் சொல்லவில்லை.

வங்சா மாஜூவில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்குபவன் நான். அம்பாங் பார்க்கிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் வரை எல்.ஆர்.டி. ரயில் நிலத்தடியில் ஓடுகிறது. எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை குழுவின் 2003ஆம் ஆண்டு ஆல்பம், ஒற்றைக் கிட்டாரில் ஒரே சுரத்தை மெல்ல மீட்டித் தொடங்குகிறது. சுரங்கத்தின் இரைச்சலில் அந்தச் சுரம் எனக்குக் கேட்டதே இல்லை. ஒலியளவைக் கூட்டினால் கேட்கும். ஆனால் சற்று நேரத்தில் அத்தனை கருவிகளும் ஒன்றாக எழும்போது காது வலிக்கும். குறைத்தால், அடுத்த மெல்லிய பகுதி மறுபடியும் காணாமல் போகும். இருபது நிமிடப் பயணத்தில் கை ஒலி விசையை விட்டு விலகுவதே இல்லை.

கிளாஸ்கோவைச் சேர்ந்த மொக்வாய் குழு 1997இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 'லைக் ஹெரோட்' என்றொரு படைப்பு உண்டு. ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும் கிட்டார், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வெடிக்கும். அந்த வெடிப்புக்காகவே எழுதப்பட்ட படைப்பு என்பதை அறிந்தே கேட்கிறேன். நெரிசலில் நின்றுகொண்டு கேட்கையில் உடல் துள்ளி, பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பதை அந்த அறிவு தடுப்பதில்லை. ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழுவோ 2002இல் வந்த ஆல்பத்தின் நடுவே 36 வினாடி மௌனத்தையே வைத்திருக்கிறது. ரயிலில் அது கைப்பேசியின் மின்கலம் தீர்ந்ததாகத்தான் படும்.

மாற்றுவழிகளைத் தேடாமல் இல்லை. இசைச் செயலிகளில் உள்ள, ஒலியளவைச் சமன்செய்யும் வசதி, ஒரு பாடலுக்கும் மற்றொரு பாடலுக்கும் இடையிலுள்ள உரப்பு வேறுபாட்டைத்தான் சரிசெய்கிறது. ஒரே பாடலுக்குள் இருக்கும் மேடு பள்ளத்தை அது தொடுவதில்லை. இரைச்சலைத் தணிக்கும் ஹெட்போன் தாழ்ந்த, சீரான முழக்கத்தை நன்றாக விழுங்கும். வளைவில் சக்கரம் எழுப்பும் கிறீச்சொலியை விட்டுவிடும். வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்பதால், 90 டெசிபலில் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் மிஞ்சும். மெல்லிய பகுதிக்காக ஒலியைக் கூட்டி வைத்துவிட்டுக் குறைக்க மறப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மொன்ட்ரியலின் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் குழு 2000இல் வெளியிட்ட இரட்டை ஆல்பத்தில் மொத்தம் நான்கே படைப்புகள். நீளம் சுமார் 87 நிமிடங்கள். மூன்று கிட்டார், இரண்டு பேஸ் கிட்டார், இரண்டு டிரம்ஸ், வயலின், செல்லோ என ஒன்பது பேர் வாசிக்கிறார்கள். மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வீடு உறங்கிய பின் இதைக் கேட்டால், முதல் படைப்பின் தொடக்கத்தில் ஒவ்வொரு கருவியும் எப்போது உள்ளே வந்தது என்று தெரியாமலே வந்து சேர்ந்திருக்கும். கோயில் திருவிழாவில் நாகஸ்வர வித்துவான் ஒரு சுரத்தைச் சுற்றிச் சுற்றி ஆலாபனை செய்து, தவில் சேரும் கணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவாரே, அந்தச் சுகம் இதில் இருக்கிறது. உச்சம் அப்படி நம்மைத் தூக்குவதற்குக் காரணம், நான் இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த அந்த மெல்லிய ஐந்து நிமிடங்கள்தான். அவற்றின் ஒலியை உயர்த்திப் பதிவுசெய்திருந்தால் படைப்பே இல்லை. என்னிடமுள்ள ஆல்பங்களில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை.

ஆனால் எல்லாரும் காட்ஸ்பீட் இல்லை. மெல்லத் தொடங்கி, மெல்ல ஏறி, இறுதியில் இடிக்கும் ஒரே படிக்கட்டில் ஏறுகின்ற குழுக்கள் இத்துறையில் ஏராளம். தோக்கியோவின் மோனோ குழு 2009இல் இசைவாத்தியக் குழுவொன்றைச் சேர்த்துக்கொண்டு, ஸ்டீவ் அல்பினியின் ஒலிப்பதிவில் வெளியிட்ட ஆல்பம் அழகானது. அதன் ஒலிப்பதிவுத் தரத்தில் குறைசொல்ல ஏதுமில்லை. எனினும் மூன்றாவது படைப்புக்கு வரும்போது உச்சம் எங்கே வரும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தெரிந்துவிட்ட ஒன்றுக்காக ஒலி விசையோடு போராடும் பொறுமை எனக்கு இப்போது குறைந்துவிட்டது.

ஆகவே நண்பருக்கு நான் அனுப்பிய பெயர்கள் வேறு. தோக்கியோவின் டோ குழுவின் 2005ஆம் ஆண்டு ஆல்பத்தில் கிட்டார்கள் அடக்கமாக இருக்க, டிரம்ஸ்தான் முன்னே நின்று பேசுகிறது. தாளக்காரருக்கு அது போதும். சிகாகோவின் டார்டாய்ஸ் 1996இல் வெளியிட்ட இருபத்தொரு நிமிடப் படைப்பான 'ஜெட்', நடுவே வெட்டி ஒட்டியதுபோல் உடைந்து வேறொன்றாகிவிடும்; அதுவும் காதைத் தாக்காது. நம் கோலாலம்பூரிலேயே உருவான டீப்செட் குழுவின் பெயரையும் சேர்த்திருக்கிறேன். அதை அவர் நேரில், அரங்கில் கேட்பதே நல்லது. அங்கே ஒலி விசை வேறொருவர் கையில் இருக்கும்.

காட்ஸ்பீடை மட்டும் அனுப்பவில்லை. அவர் நாள்தோறும் செந்தூலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்.