14 மாதம், 23 துணி, ஒரே ஒரு சொல்

போன திங்கட்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே பக்கத்து மேசைக்காரி பிடித்துக்கொண்டாள். பாறசாலைக்காரி, வீட்டில் தமிழ்தான். "கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கணும்ட்டி. நீ ஒரு ஆப்பு வச்சிருக்கேல்லா, அது கொள்ளாமா? ஒத்த வார்த்தையில சொல்லு."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. 14 மாதமாக என் போனில் இருக்கிற அந்த ஆப்பைக் கேட்டுத்தான் துணி எடுக்கிறேன். அன்றைக்கு நான் போட்டிருந்ததே அது காட்டிக்கொடுத்த டாப்தான். ஒத்த வார்த்தையில் முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு. இதைச் செய்கிற மூன்று பெண்களில் ஒருத்தி என் அக்கா மகள். மூன்று பேருக்கும் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, பெயரில் சண்டை. லிங்க் கிடைத்த கொஞ்சம் பேர்தான் வைத்திருக்கிறோம். இது துணி விற்காது. நம் அளவை வாங்கி வைத்துக்கொண்டு, ஆன்லைன் கடைகளில் குவிந்து கிடக்கிற குர்தியில் எது நமக்குச் சேரும், எந்த சைஸ் என்று பொறுக்கிக் கொடுக்கும். காசு கட்டுவது அந்தந்தக் கடையில். சொந்தக்காரி செய்ததாச்சே என்று விட்டுக்கொடுத்து எழுதுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெளியாளுக்குக் காட்டுகிற தயவை நான் வீட்டுப்பிள்ளைக்குக் காட்டினதே கிடையாது.

ஆரம்பத்தில் இது பெண்களின் உடம்பைப் பழமாகப் பிரித்தது. ஆப்பிள், பேரிக்காய், கூடவே ஒரு மணல் கடிகாரம். என் அளவைப் போட்டதும் "நீங்கள் பேரிக்காய்" என்று வந்தது. உடனே போன் போட்டேன். "மக்களே, பேரிக்காய் நம்ம ஊர்ல எங்க காய்க்குது? குழித்துறைக்காரியப் பழத்துல அடக்கணும்னா மட்டி, செவ்வாழை, ஏத்தன்னு பிரிங்கட்டி." சிரித்தாள். அடுத்த மாதம் பழங்களைக் காணோம். நிறத்துக்கும் இதே கதை. "கோதுமை நிறம்" என்று ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். மாநிறம் என்று நல்ல சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறதே என்றேன். மாற்றினார்கள். சொன்னால் கேட்கிற பிள்ளைகள்தான், ஒரு விஷயத்தைத் தவிர. அது பின்னால் வருகிறது.

நல்லதை முதலில் சொல்லி முடிக்கிறேன். போட்டோ எடுத்துப் போட்டால் அதிலிருந்தே அளவு எடுத்துக்கொள்ளும் என்றுதான் முதல் திட்டம். என் போட்டோவைத் தரமாட்டேன் என்றேன். இன்னும் நாலு பேர் அப்படிச் சொல்லியிருப்பார்கள் போல, இஞ்சு டேப்புக்கு வந்தார்கள். அதிலும் ஒரு புத்தி செய்திருக்கிறார்கள்: டேப்பை முதலில் பள்ளிக்கூட ஸ்கேலோடு வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறது. என் டேப் அம்மா காலத்திலிருந்து தையல் மிஷின் டிராயரில் கிடப்பது. 12 அங்குல ஸ்கேலில் வைத்தால் கால் அங்குலம் இழுபட்டிருந்தது. சீட் சுற்றில், அதாவது உட்காருமிடத்துச் சுற்றில், அது முக்கால் அங்குலத்துக்கு மேல் போகும். இத்தனை வருஷம் என் சுற்றளவு அவ்வளவு குறைவு என்று நம்பி நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

டேப் புதிதாக வாங்கினபிறகு ஐந்து அளவு: தோள், மார்பு, இடுப்பு, சீட், உயரம். முதலில் கேட்பது தோளை. முதுகுப் பக்கமாக ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறுமுனை வரை. எனக்கு 14 அங்குலம். மார்பு 38, சீட் 42. சீட்டுக்குப் பயந்து 15 வருஷமாக டபுள் எக்ஸெல் எடுத்துக்கொண்டிருந்தேன். சீட்டில் தாராளமாக இருக்கும். தோள் தையல் மட்டும் கையில் இறங்கித் தொங்கும், கழுத்து அகண்டு உள்பட்டி எட்டிப் பார்க்கும், நாள் முழுக்க ஷாலை இழுத்து இழுத்துப் பின் குத்திக்கொண்டே இருப்பேன். இந்த ஆப் சொன்னது இதுதான்: தோளுக்குப் பார்த்து எல் எடு, சைடு ஓபன் இடுப்பெலும்புக்கு மேலேயே தொடங்குகிற மாடலாகப் பார், சீட் அதன்பாட்டுக்கு இருக்கும். எடுத்தேன். கண்ணாடி முன்னால் நின்றபோது, நேரே நிமிர்ந்து நிற்கிற ஒருத்தியைப் பார்த்தேன். ஷாலில் பின் குத்தாமல் வேலைக்குப் போன முதல் நாள் அது.

மார்த்தாண்டத்தில் எனக்கு பிளவுஸ் தைக்கிற அக்காவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "இதச் சொல்ல ஒரு ஆப்பு வேணுமாக்கும்? பக்கத்த எப்ப வேணும்னாலும் பிடிக்கலாம், உள்ள துணி கெடந்தா பிரிச்சும் விடலாம். தோளு வெட்டினா வெட்டினதுதான்" என்றாள். 20 வருஷமாக அவளிடம் தைக்கிறேன், ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, அளவு பிளவுஸைக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவேன்.

இன்னொன்று சைஸ் சார்ட். கடைக்காரர் மார்பு 40 என்று போட்டிருந்தால் அது உடம்பின் அளவா, தைத்த துணியின் அளவா? சிலர் அதைப் போடுவார்கள், சிலர் இதைப் போடுவார்கள், எது என்று பல இடத்தில் எழுதியே இருக்காது. 38 உடம்புக்கு 38 துணியை மாட்டினால் கையைத் தூக்க முடியாது. இரண்டு அங்குலமாவது தளர்வு வேண்டும். இந்தப் பிள்ளைகள் கடை கடையாக அதைப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். துணி வந்ததும் எங்கே பிடித்தது, எங்கே தொளதொளத்தது என்று ஆப் நம்மிடம் கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளும். முதல் 9 துணியில் 5 திருப்பி அனுப்பினேன். பிறகு எடுத்த 14-ல் ஒன்றே ஒன்று, அதுவும் நிறத்துக்காக. ரேயான் முதல் அலசலில் நீளம் குறையும் என்பது மட்டும் அதற்கு லேட்டாகத்தான் தெரிந்தது. முட்டிக்குக் கீழே நின்ற ஒரு பச்சை டாப் இப்போது அக்கா மகளுக்குத்தான் ஆகும். அவளிடமே கொடுத்துவிட்டேன், தண்டனையாக.

நம் நாட்டு உடம்புக்கென்று ஒரே அளவுக்கணக்கு இல்லாததுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம் என்பாள் அவள். அதற்காகத்தான் நிஃப்ட் என்கிற ஃபேஷன் கல்லூரி இந்தியாசைஸ் என்று ஒரு கணக்கெடுப்பில் இறங்கியது: ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை உடல் ஸ்கேனரில் நிறுத்தி அளப்பது. "ஆறுல நாரோயில் உண்டுமா?" என்று கேட்டேன். இல்லையாம்.

பாக்கெட் உள்ள குர்தியை மட்டும் காட்டு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கண்டக்டருக்குச் சில்லறை எடுக்க ஹேண்ட்பேக்கைத் துழாவுகிற எவளுக்கும் இந்தப் பொத்தானுக்காகவே இவர்களைக் கும்பிடத் தோன்றும்.

இனி அந்த விஷயம். ஒவ்வொரு துணிக்கும் கீழே, இதை ஏன் காட்டுகிறேன் என்று ஆப் ஒரு வரி எழுதும். யோசனை நல்லதுதான். எனக்கு வருகிற வரிகளைப் பாருங்கள். "இடுப்பின் அகலத்தை மறைக்கும்." "வயிற்றை மறைக்கும்." "கையின் பருமனை மறைக்கும்." காலையில் பஸ்ஸில், மதியம் சோற்றுக்கு நடுவில், ராத்திரி படுக்கப் போகும்போது, 14 மாதமாக. எடுப்பான உடுப்பு தேடிக் கொடுக்கிறேன் என்று வந்த சாமானுக்கு எடுப்பு என்றால் மறைப்பு என்று யார் சொல்லிக்கொடுத்தது? எதை மறைக்கணும் என்று என்னிடம் அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கை எனக்குப் பிடிக்கும். அது எங்க அம்மாவின் கை.

"சித்தி, எல்லா ஸ்டைல் கைடுலயும் அப்பிடித்தான் போட்டிருக்கு. நாங்களா எழுதல்ல."

"எல்லாரும் எழுதினதயே எழுத ஒனக்கு எதுக்குட்டி ராத்திரி முழிப்பு?"

அளவுக்கு மீறின கோபம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் இருக்கிற மண் அப்படி. தோள்சீலைப் போராட்டம் நடந்த தெற்குத் திருவிதாங்கூர் இது. மேலே ஒரு துணி போடும் உரிமைக்காக நாடார் பெண்கள் அடி வாங்கினார்கள், போட்ட துணி கிழிக்கப்பட்டது. 1859-ல் மகாராஜா உத்திரம் திருநாள் அனுமதித்து அறிவிப்பு விட்டபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதமாக உடுத்தக் கூடாது என்று ஒரு வால் அதில் ஒட்டியிருந்தது. போடாதே என்றவர்கள் போனார்கள், இப்படிப் போடாதே என்றவர்கள் போனார்கள், இப்போது என் கையில் இருக்கிற போன் மறை என்கிறது. ஒரு ரெடிமேட் குர்திக்கு இவ்வளவு பெரிய சரித்திரத்தை இழுக்கலாமா என்று அக்கா மகள் கேட்டாள். இழுத்தாயிற்று.

மறைப்பதற்கு அது வைத்திருக்கிற மருந்து இரண்டு: கறுப்பு அல்லது கருநீலம், நெட்டுக்கோடு. என் அலமாரியைத் திறந்தால் ஜெயில் கம்பி மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்ததோ குறுக்குக்கோடு. அதைத் தேடினால் சிவப்பில் ஒரு எச்சரிக்கை குதிக்கும். இதில் எனக்குத் துணைக்கு வந்தது அந்த மூவரில் இன்னொரு பெண். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1860களிலேயே எழுதி வைத்ததை எனக்கு அனுப்பினாள்: ஒரே அளவுள்ள இரண்டு சதுரத்தில் ஒன்றைக் குறுக்குக்கோட்டாலும் மற்றதை நெட்டுக்கோட்டாலும் நிரப்பினால், குறுக்குக்கோடு போட்டதுதான் உயரமாக, ஒடுக்கமாகக் கண்ணுக்குத் தெரியும். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் பெண் உருவப் படங்களில் இதைச் சோதித்து, குறுக்குக்கோடு குண்டாகக் காட்டாது என்று 2011-ல் எழுதியும் இருக்கிறார்கள். ஆக, மறைக்கிற கணக்குப்படி பார்த்தாலே இவர்கள் விதி தலைகீழ். எச்சரிக்கையை எடுத்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று ராத்திரியே ஒரு குறுக்குக்கோட்டு டாப்புக்குக் கீழே வந்தது: "உடலின் அகலத்தை மறைக்கும்."

எல்லையோரத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு சின்னத் தொந்தரவு. எனக்கு வீட்டுப் பின்கோடு 629-ல் தொடங்கும், வேலை நெய்யாற்றின்கரையில், அது 695. காலையில் பஸ் களியக்காவிளை தாண்டி இஞ்சிவிளைக்கு வந்ததும் ஆப் மலையாளியாகிவிடும். ஆவணியில் திறந்தால் திரை முழுக்கக் கசவு, செட்டும் முண்டும். எனக்குக் கசவு பிடிக்கும். ஆனால் பாலராமபுரம் பஸ்ஸில் கொஞ்ச தூரம், வேண்டுமென்றால் தறிக்காரரிடமே போய் எடுப்பேன். அங்கே தறி போட்டதும் பாலராமவர்மா காலத்தில் நம் பக்கத்திலிருந்து போன சாலியர்தான். பின்கோடைப் பார்த்து என் ருசியை முடிவு செய்யாதே என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. லொகேஷனை ஆஃப் பண்ணு என்கிறார்கள். ஆஃப் பண்ணினால் பார்சல் என்றைக்கு வரும் என்று காட்டாது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்டேட் வந்தது. அக்கா மகளே கூப்பிட்டாள். "சித்தி, மறைக்கும்ங்கிற வார்த்தைய மொத்தமா எடுத்தாச்சு. இனி உங்க கண்ணுலயே படாது." மறுநாள் காலை பஸ்ஸில் திறந்து பார்த்தேன். "இடுப்பின் அகலத்தைச் சமன் செய்யும்."

அன்றைக்கு மதியம்தான் பக்கத்து மேசைக்காரி கேட்டாள். வேறு என்ன பதில் வரும்?

5-க்கு 2 நட்சத்திரம் போட்டிருக்கிறேன். அளவுக்கு 5 போடலாம். டபுள் எக்ஸெல்லிலிருந்து என்னை இறக்கிவிட்டதற்கு 6 இருந்தால் அதையும் போடலாம். கூட்டிக் கழித்தால் 2 வராது என்று எனக்கும் தெரியும். எனக்கு வந்தது 2. "தோள் 14, சைடு ஓபன் உயரம், துவைத்தால் அரை அங்குலம் குறையும்" என்று தெரிந்ததை மட்டும் எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டால் அன்றைக்கே மாற்றிப் போடுகிறேன்.

புதன்கிழமை ஒரு பார்சல் வந்தது. மஞ்சளில் மெரூன் குறுக்குக்கோடு, காட்டன், எல் சைஸ், பாக்கெட் உண்டு. தோள் தையல் எலும்பின் முனையில் போய் உட்கார்ந்தது. வியாழக்கிழமை போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து மேசைக்காரி எழுந்து வந்து தோளைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே! ஆப்புலயா எடுத்த?"

"இல்லட்டி, மார்த்தாண்டத்துல தைச்சது" என்றேன்.