அகராதியா, விவரக்குறிப்பா? பரந்த சொல்லுக்குப் பொருள் தேடும் இரு வழிகள்

கிருஷ்ணகிரியில் ஒருவர் மாம்பழக்கூழ் ஆலைக்குக் கருவி செய்து, காப்புரிமைக் கோரிக்கையில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறார் என்று வரையறுக்கும் பகுதியில், ‘வடிகட்டும் அமைப்பு’ என்று எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். துளையிட்ட எவர்சில்வர் உருளை மட்டும்தானா, துணியும் அதில் அடங்குமா?

அகராதியைப் புரட்டினால் எல்லாமே அடங்கும். உரிமையாளருக்கு இனிக்கும்தான். ஆனால் பாட்டி காலத்துச் சல்லடையும் உள்ளே வந்துவிடும். ஏற்கெனவே இருந்ததைத் தழுவும் கோரிக்கை, புதுமை இல்லையென்று செல்லாமல் போகலாம்.

விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பு எப்படி இயங்குகிறது என்று விண்ணப்பத்தில் விளக்கும் பகுதியோடு, சேர்த்துப் படிப்பது உழைப்பு கேட்கும். ஆனால் அதுவே நியாயம் என்பேன். கண்டுபிடித்தவர் அந்தச் சொல்லை எந்தப் பொருளில் ஆண்டார் என்பது அங்கேதான் தெரியும். 2005-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சுவர்ப் பலகைகள் பற்றிய பிலிப்ஸ் வழக்கில், அகராதியைவிட விவரக்குறிப்புக்கே முதலிடம் தந்தது. அதே சமயம், விவரக்குறிப்பில் தடுப்புத் தகடுகள் சாய்வாகக் காட்டப்பட்டிருந்தாலும், ‘தடுப்பு’ என்றால் சாய்ந்தது மட்டுமே என்று சுருக்க மறுத்தது. இந்த நுட்பம்தான் பலருக்குத் தவறிப்போகிறது: விவரக்குறிப்பு சொல்லை விளக்கலாம், எடுத்துக்காட்டுக்குள் பூட்டிவிடக் கூடாது.

நம் 1970 காப்புரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவும், கோரிக்கை தெளிவாக, விவரக்குறிப்பில் வெளிப்படுத்தியதன் அடிப்படையில் இருக்க வேண்டும் என்கிறது. துணியும் வேண்டுமென்றால் துணியையும் அங்கே விவரித்துவிடுங்கள்.