பூனைக் கூண்டுக்குக் கூரை: போட்டுப் பார்த்ததும் தொட்டுப் பார்த்ததும்

பூனைக்கு வெளியில் கூண்டு கட்டுகிறவர்கள் கம்பிவலை, கதவு, தாழ்ப்பாள், ஏறி உட்காரப் பலகை என்று எல்லாவற்றையும் ஆற அமர யோசித்துவிட்டு, கூரையை மட்டும் கடைசியில், மிச்சமிருக்கும் பணத்துக்குக் கிடைக்கிற ஏதோ ஒரு ஷீட்டைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஆனால் பூனை அந்தக் கூண்டில் பகல் முழுக்கக் கிடக்குமா, இல்லை வாசலோடு திரும்பி வந்துவிடுமா என்பது பெரும்பாலும் கூரையின் கையில்தான் இருக்கிறது. சிலதை நானே போட்டுப் பார்த்தேன், சிலதை அடுத்தவர்கள் போட்ட இடத்தில் தொட்டுப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 10 மில்லிமீட்டர் மல்டிவால் பாலிகார்பனேட் (வெளிச்சம் விடும் கெட்டியான பிளாஸ்டிக்) ஷீட், பால்வெள்ளை நிறத்தில், கூண்டின் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக. மீதிக்கு வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் கட்டம் கட்டமாகப் பற்றவைத்த வலை, மட்டும். முழுக் கூண்டையும் எந்த ஷீட்டாலும் மூடாதீர்கள்.

பாதியை வலையாக விடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பூனை காலையில் வெயில் விழும் பலகையில் நீட்டிப் படுக்கும், உடம்பு சூடானதும் எழுந்து நிழலுக்குப் போகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வெயிலுக்கே வரும். அதற்கு வியர்ப்பது பாதத்தின் மெத்தையில் மட்டும்தான், அதனால் சூட்டைத் தணிக்க அது முதலில் செய்வது இடம் மாறுவது. முழுக்க மூடிய கூண்டில் மாற இடம் ஏது? வெயில் நேரத்தில் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் கூண்டு ஏற்கெனவே அளவு மீறிச் சூடாகிவிட்டது என்று அர்த்தம். இதற்கு நேர் எதிராக, வைட்டமின் டி கிடைக்கட்டும் என்று மேலே நிழலே வைக்காமல் விடுகிறவர்களும் உண்டு. பூனையின் தோல் அந்த வைட்டமினைத் தேவையான அளவு தயாரிப்பதில்லை, சாப்பாட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. வெயில் அதற்குச் சுகம், அவ்வளவுதான். வெள்ளைக் காதும் வெளிர் மூக்கும் உள்ள பூனைக்கு அந்தச் சுகமும் அளவோடு இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு, காது நுனியில் ஆறாத புண்ணாக ஆரம்பித்துப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும்.

பாலிகார்பனேட்டுக்கு நான் மதிப்பெண் போடுவது முதலில் இதற்காகத்தான். வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டு, புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடுகிறது. மல்டிவால் என்றால் ஷீட்டுக்குள்ளே நீளவாக்கில் குழல் குழலாக ஓடும், அந்தக் குழல்களில் நிற்கிற காற்று சூட்டைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். எடையும் ரொம்பக் குறைவு. 10 மில்லிமீட்டர் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோகூட வராது, அதே இடத்துக்கு 6 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் 15 கிலோ. மெல்லிய சட்டத்தில் கட்டிய கூண்டுக்கு இந்த வித்தியாசம் பெரிது. நிறத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். நிறமற்ற ஷீட் கடையில் பளிச்சென்று அழகாக இருக்கும், உச்சி வெயிலில் அதன் கீழே நிற்க முடியாது. பச்சையும் நீலமும் போட்டால் பூனையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை எல்லாம் அந்த நிறத்தில் தெரியும். பால்வெள்ளைதான் கண்ணுக்கும் உடம்புக்கும் இதம்.

இனி குறை. நல்ல ஷீட்டையும் கெடுப்பது பொருத்துகிற விதம்தான், கடைக்காரர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. பெரும்பாலான ஷீட்டுகளில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு ஒரு பக்கம் மட்டும் இருக்கும், அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். ஷீட்டை வெறும் கண்ணால் பார்த்தால் எந்தப் பக்கம் என்று சத்தியமாகத் தெரியாது. மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்திருப்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வெட்டிக் கொடுத்த கடையில் ஒரு துண்டைத் தாளை உரித்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார்கள், கேட்டதற்கு ‘ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் சார்’ என்று பதில் வந்தது. அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாளோடு இருந்ததை வாங்கி வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஷீட்டை ஏற்றும்போது ஓரத்தில் மட்டும் தாளை உரித்துக்கொண்டு, பொருத்தி முடித்த அன்றே முழுக்க உரித்துவிட வேண்டும். வெயிலில் விட்டால் தாள் ஒட்டிக்கொண்டு பிறகு நகத்தால் சுரண்டினாலும் வராது.

அப்புறம், குழல்கள் வாட்டத்தோடு மேலிருந்து கீழாக ஓட வேண்டும், குறுக்கே படுக்கக் கூடாது. மேல் முனையை அலுமினிய டேப்பால் முழுக்க அடைத்துவிட்டு, கீழ் முனைக்கு நுண்துளை உள்ள டேப் ஒட்ட வேண்டும், உள்ளே வியர்க்கும் தண்ணீர் வடிய அதுதான் வழி. டேப் ஒட்டாமல் விட்ட ஷீட்டுகளைப் பார்த்திருக்கிறேன், குழலுக்குள் பாசி படர்ந்து பச்சைக் கோடு கோடாக, நடுவில் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும், வெளியிலிருந்து எதை வைத்துத் தேய்த்தாலும் போகாது. வாட்டம் 5 டிகிரியாவது வேண்டும், அதாவது ஒரு மீட்டருக்கு 9 சென்டிமீட்டர் இறக்கம்.

ஸ்க்ரூ முடுக்குவதில் இன்னொரு சங்கதி. பாலிகார்பனேட் வெயிலில் நன்றாக நீளும். 2 மீட்டர் ஷீட்டின் சூடு விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே 40 டிகிரி மாறினால் 5 மில்லிமீட்டர் வரை நீண்டு சுருங்கும். ஓட்டையை ஸ்க்ரூவைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டு, அகலமான ரப்பர் வாஷர் வைத்து, வாஷர் ஷீட்டில் படிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பலத்தையெல்லாம் காட்டி முடுக்கினால் வெயில் ஏறும்போது படக் படக் என்று சத்தம் கேட்கும், சத்தத்துக்குப் பயந்த பூனை அந்த மூலைப் பக்கமே போகாது, நாளாவட்டத்தில் ஓட்டையைச் சுற்றிக் கீறல் விடும்.

மற்றவற்றுக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. நெளிவு நெளிவான பிவிசி ஷீட் விலை குறைவுதான், ஆனால் வெயிலில் மஞ்சளாகி மொடமொடவென்று ஆகிவிடும், ஒரு கிளை விழுந்தால் போச்சு. கண்ணாடி இழை ஷீட் புதிதில் நன்றாக இருக்கும், மேல்பூச்சு தேய்ந்ததும் இழை வெளியே வந்து கைபட்டால் அரிக்கும், பூனை உடம்பைத் தேய்க்கிற உயரத்தில் அது வேண்டாம். தார் பூசிய நெளி ஷீட் வெயிலில் நாற்றம் அடிக்கும். சட்டத்துக்கு மரம் போட்டால் கிரியோசோட் (தாரிலிருந்து எடுக்கும், மரம் உளுக்காமல் இருக்கப் பூசும் எண்ணெய்) அடித்த பழைய மரத்தைத் தவிர்த்துவிடுங்கள், அதிலுள்ள ஃபீனால் வகைகளைப் பூனையின் ஈரல் மற்றப் பிராணிகளைப் போலச் சமாளிக்காது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சும்மா கிடக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அதை அறுக்கும்போது பறக்கும் தூசி பூனைக்கு முன்னால் உங்கள் நுரையீரலுக்குக் கேடு. தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும், மழையில் நடுவில் குளம் கட்டும். அவசரத்துக்கு ஒரு ராத்திரி, சரி.

ஜிஐ தகட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை, பற்றி மட்டும் கொஞ்சம் நியாயமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உழைப்பில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஒற்றைத் தகடாகப் போட்டால் வெயிலில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி அனல் இறங்கும், மழையில் பறை அடிக்கிற சத்தம், வெளிச்சமும் சுத்தமாக இல்லை. ஆனால் பூனை தூங்குகிற பெட்டி இருக்கும் மூலைக்கு மட்டும் தகட்டைப் போட்டு, அதற்குக் கீழே ஒரு கையகலம் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் காற்று ஓடும்படி இரண்டு பக்கமும் திறந்து வைத்து, அடியில் பிளைவுட் அடித்துவிட்டால் அந்த மூலை கடும் வெயிலிலும் தாங்கும். நடுவில் ஃபோம் வைத்த சாண்ட்விச் பேனல் இன்னும் மேல், சத்தமும் பாதியாகக் குறையும். ஒரு சின்னக் கூண்டுக்கு அது கொஞ்சம் ஆடம்பரம் என்பது என் எண்ணம்.

வலை பக்கம் வருவோம். கோழிவலை எனப்படும் அறுகோண வலையைக் கூரைக்குப் போடாதீர்கள், முறுக்கிய கம்பி இழுக்க இழுக்க விட்டுக்கொடுக்கும், துருப் பிடித்தால் இன்னும் சீக்கிரம். வெல்டு மெஷ்தான், கட்டம் ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், குட்டிகள் இருந்தால் அரை அங்குலம். பாலிகார்பனேட்டுக்கு அடியிலும் இதே வலை ஓடட்டும், ஷீட் ஒரு நாள் காற்றில் பெயர்ந்தாலும் பூனை உள்ளேயே இருக்கும். வெயில் அதிகமாக அடிக்கிற மாதங்களில் வலைப் பகுதிக்கு மேலே 75 சதவீத நிழல்வலை போட்டுக் கட்டலாம், பின்னல் வகையாக வாங்குங்கள், நெய்த வகை வெட்டின இடத்திலிருந்து நூல் நூலாகப் பிரிந்து வரும். நிழல்வலையை மட்டும் நம்பிக் கூரை அமைப்பது சரிவராது, நகம் மாட்டினால் ஒரே இழுப்பில் வாசல் கிடைத்துவிடும். ஷீட்டுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில், உச்சியில், ஒரு கையகலம் வலையோடு திறந்திருக்கட்டும். ஷீட்டுக்கு அடியில் தேங்கும் சூடான காற்று வெளியேற அதுதான் வழி.

கழுவுவதற்குச் சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். தின்னர், அசிட்டோன், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எதுவும் பாலிகார்பனேட்டில் படக்கூடாது, மங்கிப்போகும், மயிர்க்கோடாக வெடிக்கும். இடைவெளி அடைக்கிற சிலிக்கானும் நியூட்ரல் என்று எழுதியதாக இருக்க வேண்டும், புளித்த வாடை அடிக்கிற வகை வேண்டாம்.

நான் எதிர்பார்க்காத ஒரு தொந்தரவு: பால்வெள்ளை ஷீட்டின் மேல் தெருப் பூனை ஒன்று ஏறி நடந்தால் அதன் நாலு பாதமும் கீழே நிழலாகத் தெரிகிறது. உள்ளே இருக்கிற எங்கள் மகாராணி அந்த நிழலைத் துரத்திக்கொண்டு பலகைக்குப் பலகை தாவி, சீறி, தண்ணீரைக் கவிழ்த்து, கூண்டையே ரெண்டாக்கிவிடுகிறாள். மதில் பக்கத்திலிருந்து தாவ முடியாதபடி கூண்டைத் தள்ளிக் கட்ட இடம் இருந்தால் தள்ளியே கட்டுங்கள்.