காக்காவும் தாத்தாவும்: ஸ்பீச் தெரபிக்கு ஆஸ்பத்திரியா, கிளினிக்கா, பள்ளியா?

ஆறு வயதிலும் என் மகளுக்குக் காக்காவும் தாத்தாவும் ஒன்றுதான். மொட்டை மாடியில் சோறு வைத்துவிட்டு ஓடி வந்து, "தாத்தா வந்துடுச்சு" என்பாள். 'க' வரவேண்டிய இடத்தில் 'த'. மூன்று வயதில் பல குழந்தைகள் இப்படித்தான் பேசும். ஆறிலும் மாறாவிட்டால் காட்டியே ஆகவேண்டும். வியாசர்பாடியிலிருந்து மூன்று இடத்துக்கும் அலைந்து பார்த்துவிட்டோம்.

ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போகவேண்டும், காது டெஸ்டுக்காக. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு காது மந்தமாகலாம். சரியாகக் கேட்காத ஒலியை எப்படிச் சரியாகச் சொல்லும்? வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவு பக்கம்தான், செலவும் இல்லை. ஆனால் வாராவாரம் தெரபிக்கென்று போனால் பிள்ளைக்குப் பள்ளி போகும், நமக்கு ஒருநாள் கூலி போகும்.

அடுத்து, பெரம்பூர் பக்கம் ஒரு தனியார் கிளினிக். முக்கால் மணி நேரமும் அவளுக்கு மட்டும்தான். கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, நாக்கு நுனியை ஐஸ்குச்சியால் லேசாக அழுத்திப் பிடித்து 'க' சொல்ல வைத்தார்கள். நாலே வாரத்தில் வந்துவிட்டது. வீட்டுப் படியேறினால் மறுபடி தாத்தா! எங்களை வெளியிலேயே உட்கார வைத்ததால், வீட்டில் எப்படிப் பழக்குவதென்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் சில நூறு ரூபாய். மழை பெய்து கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்த வாரம் போச்சு. கிளினிக்குக்குப் போகிறவர்கள், தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தானா என்று கேட்டுவிடுங்கள்.

அந்தக் கிளினிக் ரிப்போர்ட்டில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அவள் வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்று சொன்னதையும் குறைபாடாக எழுதியிருந்தார்கள். எங்கள் தெருவே அப்படித்தான் பேசுகிறது, என் அம்மா உட்பட. அது வட்டாரப் பேச்சு, நோயில்லை. அவள் படிக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கு வரும் தெரபிஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அந்த வரியை அடித்துவிட்டார். வகுப்பு முழுக்க 'வாயப்பயம்' கேட்கிறவருக்கு எது பழக்கம், எது சிக்கல் என்று புரிகிறது. வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் பிள்ளைகளும் அந்த வகுப்பில் உண்டு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு கெடாது என்று அவர்களின் அம்மாக்களிடமும் அவர்தான் பொறுமையாகச் சொன்னார்.

பள்ளியில் குறை நேரம்தான். அவர் தினமும் வரமாட்டார், வந்தாலும் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைப்பார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. அப்படியிருக்க, இந்த நேரம் போதாது. அதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்கவேண்டும்.

இருந்தாலும் இவள்போல் ஓரிரு எழுத்து மாறுகிற பிள்ளைக்கு என் ஓட்டு பள்ளிக்குத்தான். மூன்று வயதாகியும் பேச்சே வராத பிள்ளை என்றால் பள்ளிக்காகக் காத்திருக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பள்ளியில் தெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பது வகுப்பு மிஸ் காதிலும் விழுகிறது. அந்த மிஸ் இவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். தினமும் காலையில் எழுந்து நின்று, "மிஸ், கரும்பலகையைத் துடைக்கட்டுமா?" என்று கேட்கவேண்டும். 'க' சரியாக வந்தால்தான் டஸ்டர் கைக்கு வரும். போன வாரம் மூன்று நாள் வந்திருக்கிறது.