நார்த் டகோட்டா ஹாக்கி: எந்தப் பழைய ஜெர்சியைத் திரும்பப் போடுவது?

அமெரிக்கக் காலேஜ் ஐஸ் ஹாக்கியில் ஏதாவது ஒரு வார இறுதியில் பழைய காலத்து ஜெர்சியைத் தூசி தட்டிப் போட்டு ஆடுவது சாதாரணம். மற்ற அணிகள் பீரோவைத் திறந்து பிடித்ததை எடுத்துக்கொள்ளும். நார்த் டகோட்டா பல்கலைக்கழகத்துக்கு அந்த வசதி இல்லை. 8 முறை தேசியப் பட்டம் வென்ற அணிதான், ஆனால் ரசிகர்கள் உருகும் இரண்டு ஜெர்சிகளிலும் நெஞ்சில் இருப்பது ஒரு அமெரிக்கப் பூர்வகுடி மனிதரின் தலை. 1930 முதல் அணிக்கு ஒட்டிக்கொண்டிருந்த 'சூ' என்ற பூர்வகுடி இனப் பெயரையே 2012இல் விட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த, தலை இல்லாத ஜெர்சியையும் சேர்த்தால் போட்டியில் இருப்பது மூன்று.

முதலில் எண்பதுகளின் ஜெர்சி. பார்த்தவுடனே சொல்லிவிடலாம், அது தொழில்முறை அணியான சிகாகோ பிளாக்ஹாக்ஸின் தலை. 1987 சாம்பியன் அணியில் டோனி ஹர்கஸ் ஒரே சீசனில் கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 116 புள்ளிகள் எடுத்தார், அணிக்கே 'ஹர்கஸ் சர்க்கஸ்' என்று பட்டப்பெயர் வந்தது. அதே அணியின் கோல்கீப்பர் எட் பெல்ஃபோர் அடுத்து ஒப்பந்தம் போட்டதும் சிகாகோவோடுதான். பச்சை போய் சிவப்பு வந்தது, தலை மாறவில்லை! ஜெர்சி அழகுதான், ஆனால் இரவல் நகை. அதைப் பழம்பெருமை என்று போட்டுக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாவதுதான் பிரச்சினையின் மையம். 1999இல் பென் பிரையன் வரைந்த தலை. பிரையன் டர்ட்டில் மவுண்டன் ஒஜிப்வே என்ற வேறொரு பூர்வகுடி இனத்தவர், அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். கோடுகளில் ஒரு நிதானம் இருக்கிறது, கேலிச்சித்திரத் தொனி துளியும் இல்லை, வெறும் வடிவமைப்பாகப் பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்னால் தொழில்முறை ஹாக்கியில் நட்சத்திரங்களான பரீசே, டேவ்ஸ், ஓஷி எல்லாம் போட்டு ஆடியதும் இதைத்தான். ஆனால் 2005இல் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. இத்தகைய பெயர்களுக்கு எதிராக விதி கொண்டுவந்தது, வழக்காடி 2007இல் சமரசம் ஆனது: மூன்று ஆண்டுக்குள் இரண்டு சூ பழங்குடிகளின் சம்மதம் வாங்கு, இல்லையென்றால் விடு. ஸ்பிரிட் லேக் சம்மதித்தது. ஸ்டாண்டிங் ராக்கிடமிருந்து சம்மதம் வரவில்லை. 'வரைந்தவரே பூர்வகுடிதானே' என்பது ரசிகர்கள் அடிக்கடி எடுத்துவிடும் வாதம். சரி, ஆனால் அவர் ஒஜிப்வே, முகமும் பெயரும் யாருடையதோ அவர்களில் ஒரு பகுதியினர் சரி என்று சொல்லவில்லையே.

இன்னொன்றும் உண்டு. 2000 பட்டத்துக்குப் பிறகு இந்தத் தலையோடு கிண்ணம் வராத கதை. 2001 இறுதியில் பாஸ்டன் காலேஜிடம் கூடுதல் நேரத்தில் தோல்வி, 2005 இறுதியில் டென்வரிடம் 4-1.

மூன்றாவது, 2012க்குப் பிறகு வந்த எழுத்து ஜெர்சி. நெஞ்சில் 'நார்த் டகோட்டா', அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் போட்டது. 2015 நவம்பரில் 'ஃபைட்டிங் ஹாக்ஸ்' என்று புதுப்பெயர் தேர்வாகியும் லோகோ தயாராகவில்லை, அந்த இடைவெளியில், 2016 ஏப்ரலில், டாம்பாவில் குவினிபியாக் அணியை 5-1 என்று அடித்துப் பட்டம் வென்றார்கள், காஜுலாவுக்கு இரண்டு கோல். தலைச் சின்னத்தில் பல வண்ணத் துணியை அடுக்கித் தைக்க வேண்டும், நெஞ்சில் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். எழுத்து ஜெர்சியில் அந்தத் தொல்லையும் இல்லை. இன்னும் இருபது வருடம் கழித்து இதைத்தான் பழைய ஜெர்சியாக எடுப்பார்கள் என்பது என் பந்தயம். என் ஓட்டும் இதற்கே.

பழைய ரசிகர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். சொந்த மைதானமான ரால்ஃப் எங்கெல்ஸ்டாட் அரீனா 2001இல் திறந்தது. பணம் கொடுத்த எங்கெல்ஸ்டாட் ஒரு காலத்தில் இதே அணிக்குக் கோல்கீப்பராக ஆடியவர், பெயரை மாற்றினால் கட்டுமானத்தையே நிறுத்திவிடுவேன் என்று கடிதம் எழுதியவர். ஆகவே பிரையன் வரைந்த தலை கிரானைட் தரையில் பதிந்திருக்கிறது, இருக்கை வரிசைகளின் ஓரத்தில் பித்தளையாக மின்னுகிறது. பெயர்த்தெடுப்பது லேசில்லை. தேசிய கீதம் முடியும்போது கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு 'சூ' என்று கத்துகிற பழக்கமும் பெயரோடு ஓயவில்லை. கீழே பனியில் நிற்பவர்களின் நெஞ்சில் தலை மட்டும்தான் இல்லை.